ஊர் பார்க்கப் போகும் ஞாயிற்றுக்கிழமைகள்

1

நம் வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகைக்குப் பொங்கல்தோறும் ஏதாவது எழுதி அனுப்பச் சொல்லி நண்பர் ரெங்கசாமி கேட்பது வழக்கம். முதல் வருடம் தேயிலை எப்படி விளைகிறது என்று எழுதினேன். அடுத்த வருடம் இங்கத்திய குளிரைப் பற்றி எழுதினேன். அதற்குப் பிறகு சிவனொளிபாத மலையைப் பற்றி. இந்த இலங்கை மலையில் எனக்கு இது ஆறாவது பொங்கல். இந்தத் தடவை ரெங்கசாமி கண்டிப்பாக எழுதிவிட்டார்: "தேயிலை போதுமப்பா. அங்கே என்ன படம் பார்த்தாய், எப்படி இருந்தது, அதை எழுது. ஜனங்கள் அதைத்தான் முதலில் புரட்டுகிறார்கள்."

சினிமாவைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்குப் பெரிய தகுதி ஒன்றும் இல்லை. நோர்வூட்டுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பள்ளிக்கூட வாத்தியார் நான். மாதத்தில் ஒரு ஞாயிறு, பஸ்ஸில் இடம் கிடைத்தால், ஹட்டனுக்குப் போய் ஒரு படம் பார்ப்பேன். அவ்வளவுதான். அதுவும் நீங்கள் எல்லோரும் பார்த்து, பாட்டை முணுமுணுத்து, அலுத்து, மறந்தும் போன படம்தான் கடல் தாண்டி எங்களிடம் வரும். ஆகவே என் அபிப்பிராயத்தைக் கேட்டு யாரும் ஒரு படத்துக்குப் போகப் போவதுமில்லை, போகாமல் இருக்கப் போவதுமில்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதி போன ஆடியிலிருந்து இல்லை. ஒரு குடும்பம் ஊரைவிட்டு ஊர் போவதா வேண்டாமா என்பது சினிமாவைப் பற்றிய பேச்சில் வந்து நின்றது. பேச்சில் ஒரு பங்கு என்னுடையது.

அந்தக் குடும்பத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அறை லயத்தின் கோடியில் இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் அறைகளுக்கு லயம் என்று பெயர். அறையைக் காம்பரா என்பார்கள். எனக்கு அடுத்த காம்பராவில் வேலுச்சாமி. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து நிறுப்பதும் வாட்டுமிடத்தில் பரப்புவதும் அவர் வேலை. மனைவி ராமாயி மலையில் கொழுந்து பறிக்கிறார். மகள் செல்வி என்னிடம் ஐந்தாவது படிக்கிறாள். வேலுச்சாமியின் தகப்பனார் நம் முசிறி தாலுகாவிலிருந்து வந்தவர். அதனால் வேலுச்சாமிக்கு நான் ஊர்க்காரன். அந்த ஊரை அவர் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் முடித்தது எல்லாம் இந்த மலையில்தான்.

இங்கேயே பிறந்தவர்களும் தாங்கள் இந்த நாட்டவர்தாம் என்று விண்ணப்பம் போட்டு நிரூபிக்க வேண்டும் என்பது சட்டம். வேலுச்சாமியும் போட்டார். இடையில் சில வருடங்கள் அவர் எங்கே இருந்தார் என்பதற்கு அத்தாட்சி போதாது என்று வருடக்கணக்கில் இழுத்தடித்துத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். அந்த வருடங்களில் அவர் இருந்த தோட்டம் கைமாறிப் போய், பழைய பதிவுகளும் போன இடம் தெரியவில்லை. இனி இரண்டு வழி. இந்தியப் பிரஜையாகப் பதிந்துகொண்டு கப்பல் ஏறலாம். அல்லது எந்த நாட்டுக்காரனும் இல்லாமல் இங்கேயே இருக்கலாம். எது என்று தை மாதத்துக்குள் சொல்லச் சொல்லித் தோட்டத்து ஆபீசில் கேட்டிருந்தார்கள்.

2

ஆடியில் பார்த்தது ஒரு ராஜா படம். ராஜா மாறுவேடத்தில் தன் நாட்டையே சுற்றிப் பார்க்கிறார். தம்பி சிம்மாசனத்தில் உட்கார்ந்துகொள்கிறான். பிறகு படிக்கட்டில் வாள்சண்டை, மாடத்தில் வாள்சண்டை, குதிரை மேல் வாள்சண்டை.

ஹட்டன் கொட்டகைக்குத் தகரக் கூரை. ஆடி மாதத்து மழை அதன்மேல் விழும்போது பக்கத்தில் இருப்பவர் காதில் கத்தினாலும் கேட்காது. படத்தின் வசனம் முக்கால்வாசி மழையோடு போயிற்று. மழை விட்ட இடங்களில் காதில் விழுந்த வசனம், விழாமல் போனதைவிட மேலாக இருந்ததாகச் சொல்ல முடியாது. முன் பெஞ்சுகளில் சிங்களப் பையன்கள் நிறைய வந்திருந்தார்கள். சண்டைக்காக வருகிறவர்கள். அவர்களுக்கும் வசனம் புரியவில்லை, எங்களுக்கும் புரியவில்லை. எல்லோரும் ஒன்றாக விசில் அடித்தோம். நனைந்த கம்பளிகளின் வாடையில் மூக்கு அடைத்துக்கொண்டது. சண்டைகள் நன்றாக இருந்தன என்பது என் அபிப்பிராயம்.

மறுநாள் வகுப்பில், படத்தைப் பார்த்தவர்கள் அதன் கதையை எழுதுங்கள் என்றேன். செல்வி இப்படி எழுதியிருந்தாள்: "ராஜா விடியக்காலையில் பெரட்டுக்கு வந்தார். எல்லோருக்கும் பேர் போட்டார். பிந்தி வந்தவர்களை மந்திரி விரட்டினார்."

பெரட்டு என்பது விடியலில் தொழிலாளர்களைக் கூட்டி வைத்து வேலை பிரித்துக் கொடுப்பது. பேர் போடுவது என்றால் அன்றைய கூலிக்குப் பெயர் பதிவது. நான் அதை அடித்துவிட்டு 'அரசவை' என்று எழுதினேன்.

"அரசவைன்னா என்னாங்க மாஸ்டர்?"

"ராஜா எல்லாரையும் கூட்டி வச்சு, யார் யார் என்னென்ன செய்யணும்னு சொல்ற எடம்."

"அதத்தானே எழுதியிருக்கேன்?"

நான் அடுத்த நோட்டை எடுத்தேன். இந்தப் பிள்ளைகளுக்கு நம் ஊரை எந்தப் பக்கத்திலிருந்து சொல்லித் தொடங்குவது என்பது ஆறு வருடமாக எனக்குப் பிடிபடவில்லை. கோடையில் நம் ஆறு வற்றிவிடும் என்று பூகோள பாடத்தில் சொன்னபோது, வகுப்பே என்னைச் சந்தேகமாகப் பார்த்தது. இங்கே லயத்துக்குப் பின்னாலேயே ஓடை இரைந்துகொண்டிருக்கிறது. "தண்ணி இல்லாட்டி அத எப்புடி மாஸ்டர் ஆறுன்னு சொல்லுவாங்க?" என்று கேட்டவளும் இதே செல்விதான்.

3

புரட்டாசியில் வந்தது கிராமத்துப் படம். சொல்லவேண்டியது இதைப் பற்றித்தான்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. சினிமாவுக்குப் போகிறோம் என்று வயதானவர்கள் சொல்வதில்லை. "ஊர் பாத்துட்டு வர்றோம்" என்பார்கள். கதை இரண்டாம் பட்சம். திரையில் ஒரு வயல் வந்தால், ஒரு மாட்டுவண்டி வந்தால், கொட்டகையில் இருக்கிற கண்ணெல்லாம் கதாநாயகியைத் தாண்டிப் பின்னால் போய்விடும். "அந்தா பாரு, பனை மரம்!" என்று ஒரு குரல் வரும். கதாநாயகி அழுதுகொண்டிருப்பாள், இவர்கள் மரம் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

படத்தின் கதை, இரண்டு பங்காளிகளுக்கு நடுவில் வரப்புத் தகராறு, அதற்கு நடுவில் ஒரு காதல். பாதிப் படத்தில், ஆற்றங்கரையில் கதாநாயகன் பாடிக்கொண்டு நடக்கிறார். பின்னால் ஒரு கோபுரம் தெரிகிறது. வேலுச்சாமி பெஞ்சுமேல் ஏறி நின்றுவிட்டார்.

"எங்க ஊரு! அதான் எங்க ஊரு!"

பின்வரிசைக்காரர்கள், "ஊர அப்பறம் பாக்கலாம், மொதல்ல குந்துய்யா" என்று கத்தினார்கள். அவர் உட்காரவில்லை. பாட்டு முடிந்து கோபுரம் மறைந்த பிறகுதான் உட்கார்ந்தார். முகம் நனைந்திருந்தது.

திரும்பும் பஸ்ஸிலும் அதே பேச்சு.

"பாத்தீங்களா மாஸ்டர்? கோபுரம், அதுக்கு ஒட்டி ஆத்தங்கரை. எங்கப்பா சொன்னது அச்சு அசலா அதுதான்."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் வாத்தியார் புத்தி விடவில்லை.

"அது கோபுரம் இல்ல வேலு. துணியில எழுதின படம். அவர் நடந்து போறப்ப அவர் நெழல் வானத்து மேல விழுந்துச்சு. நீங்க கவனிக்கலையா?"

வேலுச்சாமி அசரவில்லை. "அந்தப் பக்கம் வெயிலு அப்புடித்தான் அடிக்குமாம் மாஸ்டர்."

முன் சீட்டிலிருந்து ராமாயி திரும்பினார். "நெழலு வானத்துல விழுகற வெயில்ல நீங்க போய் நில்லுங்க. நான் கம்பளியப் போத்திக்கிட்டு இங்கயே இருக்கேன்."

பஸ் முழுவதும் சிரித்தது. கண்டக்டர் சிங்களவர். "மொகத, மொகத?" என்று கேட்டார். 'என்ன, என்ன' என்று அர்த்தம். யாரோ விளக்கிச் சொல்ல, அவரும் சிரித்தார். வேலுச்சாமி மட்டும் சிரிக்கவில்லை.

"படத்துல பொய்யக் காட்டுனா கவருமெண்டு சும்மா விடுமா?" என்றார். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் அபிப்பிராயத்தையும் எழுதிவிடுகிறேன். பாட்டுகள் பரவாயில்லை. வரப்புத் தகராறு முதல் பாதியில் இயற்கையாக இருந்தது. கடைசியில் வெள்ளம் வந்து பங்காளிகளைச் சேர்த்து வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. ராமாயியின் அபிப்பிராயம் வேறு. திங்கட்கிழமை மலையில் கொழுந்து பறித்துக்கொண்டே படத்தின் கதையை மற்றப் பெண்களுக்கு அவர்தான் சொல்வார். கையில் காசும் காலில் பலமும் இல்லாதவர்கள் படம் பார்ப்பது அப்படித்தான். மேற்பார்க்கிற கங்காணியும் தடுப்பதில்லை, கதை நடக்கும்போது கை வேகமாக ஓடுகிறதாம். ராமாயி சொன்ன கதை பள்ளிக்கூடத்துக்கு மேலுள்ள சரிவிலிருந்து எனக்கே கேட்டது.

"ஊரு நல்லாத்தான் இருக்கு புள்ள. ஆனா படம் முடியுற வரைக்கும் ஒருத்தரும் வேலைக்கிப் போவல. அந்தப் பொண்ணு மட்டும் காலையில கொடத்தத் தூக்கிட்டுப் போனா. திரும்பி வர்றதுக்குள்ள ரெண்டு பாட்டு முடிஞ்சிருச்சு. அம்புட்டு தூரம் தண்ணி!"

4

அதற்கு அடுத்த ஞாயிறு காலை, புருஷனும் பெண்சாதியும் என் காம்பராவுக்கு வந்தார்கள். செல்வி வாசலில் நின்றாள்.

"மாஸ்டர் சொல்லட்டும்" என்றார் ராமாயி. "ஊரு நல்லா இருக்கும்னு மாஸ்டர் வாயால சொன்னா, நான் நாளைக்கே மூட்ட கட்டுறேன். இவரு பேச்சயோ படத்தயோ நம்பி நான் கப்பல் ஏற மாட்டேன்."

நாங்கள் மூவரும் தேத்தண்ணியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ராமாயி கேட்டார். நான் சொன்னேன்.

"ஆத்துல தண்ணி இருக்குமா?"

"பாதி வருசம் இருக்கும். மீதி நாள் மணல்தான். ஊத்துத் தோண்டி எடுப்போம்."

"வேல?"

"நடவு, அறுப்பு வந்தா உண்டு. மத்த நாள்ல கெடைச்சாத்தான்."

"பொம்பளைக்கு?"

"உண்டு. ஆம்பளைக்கிக் குடுக்கறதுல பாதி."

"பிள்ளைக்கிப் பள்ளிக்கூடம்?"

"இருக்கு. நான் படிச்ச பள்ளிக்கூடம்தான். எங்க வீட்டுல மொதல்ல பள்ளிக்கூடம் போனது நான்தான். எங்கப்பா என்னக் கொண்டுபோய் விட்டுட்டு வாசல்லயே நின்னாரு."

இந்தக் கடைசிப் பதிலை மட்டும் வேலுச்சாமி பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார். அதன்பிறகு பல நாள் என்னோடு பேச்சில்லை. குழாயடியில் பார்த்தாலும் பக்கெட்டைப் பார்த்துக்கொள்வார்.

அந்த நாட்களில்தான் நான் என் சொந்தக் காரியமாகக் கொழும்புக்குப் போய் வந்தேன். நான் தற்காலிக அனுமதியில் இருக்கிறவன். வருடந்தோறும் போய்ப் புதுப்பிக்க வேண்டும். வரிசையில் நின்று ஒரு ஜன்னலுக்குப் போனால் அடுத்த ஜன்னலைக் காட்டுவார்கள். அங்கே போனால் அந்த ஆள் சாப்பிடப் போயிருப்பார். இப்போது அவர்கள் அனுப்பும் கடிதம் சிங்களத்தில் வருகிறது. நோர்வூட்டில் பேக்கரி முதலாளியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லித்தான் எந்தத் தேதிக்குப் போவது என்றே தெரிந்துகொண்டேன். ஜன்னலில் இருந்தவர் நல்ல மனிதர். சத்தம் போடவில்லை. நான் அரைகுறைச் சிங்களத்தில் தொடங்கி, அரைகுறை இங்கிலீஷில் முடித்தேன். அவர் என் பாஸ்போர்ட் புத்தகத்தை மூடிக் கொடுத்து, "இனிமேல் நீடிப்பு இல்லை. சித்திரையில் நீங்கள் போகலாம்" என்றார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று ரயிலில் வரும்போதுதான் யோசித்தேன்.

செய்தி லயத்தில் பரவிற்று. அன்று சாயங்காலமே வேலுச்சாமி வந்தார். பேச்சு விட்டுப்போன இடத்தைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"சித்திரையில போறீங்களாமே?"

"ஆமா."

"நீங்க சொன்னதெல்லாம் நெசமாவே இருக்கட்டும் மாஸ்டர். மணலாவே இருக்கட்டும், பாதிக் கூலியாவே இருக்கட்டும். ஒண்ணு மட்டும் கேக்குறேன். அங்க போனா, நீ எந்த நாட்டுக்காரன்னு எவனும் கேக்க மாட்டான்ல?"

ஆறு வருடமாக அவர் என்னிடம் கோபுரத்தையும் ஆற்றையும் பற்றித்தான் பேசியிருக்கிறார். இதுதான் உள்ளே இருந்தது என்று எனக்குத் தெரியாது.

"கேக்க மாட்டாங்க வேலு" என்றேன்.

பின்னால் நின்றிருந்த ராமாயி புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அதுக்குன்னா வர்றேன்" என்றார். "தண்ணி தூரமா இருந்தா இருந்துட்டுப் போவுது. தூக்குறது நான்தானே."

அப்படித்தான் முடிவாயிற்று. சித்திரையில் நாங்கள் நால்வரும் ஒரே கப்பலில். வேலுச்சாமி வழியில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். "மாஸ்டரும் நாங்களும் சேந்தே போறோம்."

5

மார்கழியில் ஹட்டன் வேறு மாதிரி ஆகிவிடும். சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகிறவர்கள் வெள்ளை உடுத்து ரயிலை விட்டு இறங்கிக்கொண்டே இருப்பார்கள். பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டுதான் படத்துக்குப் போனோம். வேலுச்சாமி, ராமாயி, செல்வி, நான். இங்கே பார்க்கும் கடைசிப் படங்களில் ஒன்று என்று வேலுச்சாமி நல்ல வேட்டி கட்டியிருந்தார்.

இந்தப் படத்தை நீங்கள் போன வருடமே பார்த்துவிட்டீர்கள். அண்ணன் தங்கையைப் படிக்க வைக்கிறான். தங்கை பட்டணத்துக்காரனை நம்பி ஏமாறுகிறாள். கதை கனமான கதை. ஆனால் உங்களுக்கு நினைவிருப்பது நடுவில் வரும் சிரிப்புப் பகுதியாகத்தான் இருக்கும். இலங்கைக்குப் போய் ஊர் திரும்புகிறவனாக அந்தச் சிரிப்பு நடிகர் வருகிறார். தொப்பி, நீளக் கோட்டு, தூக்க முடியாத பெட்டி. வாயைத் திறந்தால் சிங்களச் சொல்லும் தோட்டத்துப் பேச்சும் கலந்து வருகிறது. சொந்தக்காரர்கள் விழுந்து விழுந்து உபசரிக்கிறார்கள். பிறகு பெட்டியைத் திறக்கிறார்கள். உள்ளே ஒரு கம்பளியும் ஒரு டப்பாத் தேயிலைத் தூளும். அதே சொந்தக்காரர்கள் துடைப்பத்தோடு விரட்டுகிறார்கள். தெருப்பிள்ளைகள், "ஏ சிலோன்! ஏ சிலோன்!" என்று பின்னால் ஓடுகிறார்கள். படம் முடியும்வரை அந்த மனிதருக்குப் பெயரே கிடையாது. சிலோன்தான்.

தொப்பி கழன்று சாணியில் விழும்போது முன்பெஞ்சில் சிங்களப் பையன்கள் சிரித்தார்கள். யார் தொப்பி விழுந்தாலும் சிரிக்கிற வயது. மற்றபடி கொட்டகை அமைதியாக இருந்தது. மேலே எந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. ஆறு வருடத்தில் அந்தக் கொட்டகையில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

செல்வி அப்பாவின் சட்டையை இழுத்தாள். "அப்பா, அந்தாளு நம்ம மாதிரியே பேசுறாரு."

"ம்" என்றார் வேலுச்சாமி.

நியாயமாகச் சொல்லவேண்டும். அந்த நடிகர் நன்றாகவே நடித்திருக்கிறார். கம்பளியை நாலாக மடித்துத் தோளில் போடும் விதம், பெரியவர்கள் எதிரில் வந்தால் கையைக் கட்டி ஒதுங்கி நிற்கும் விதம், எல்லாம் சரி. யாரையோ நன்றாகப் பார்த்துப் பழகியிருக்கிறார். படத்திலேயே உண்மையாக இருந்த நடிப்பு அது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம்.

பஸ்ஸில் கூட்டம் நெரித்தது. வேலுச்சாமியும் நானும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வழியில் பாதி தூரம் போன பிறகுதான் கேட்டார்.

"நம்ம ஊர்ல இதுக்குச் சிரிச்சாங்களா மாஸ்டர்?"

ரெங்கசாமி போன வருடம் இந்தப் படத்தைப் பற்றி எனக்கு எழுதியிருந்தார். கொட்டகையே அதிர்ந்ததாம், நம் தெருக்காரர்கள் எல்லோரும் போயிருந்தார்களாம், எல்லோரும் என்னை நினைத்துக்கொண்டார்களாம். அன்பாகத்தான் எழுதியிருந்தார்.

"சிரிச்சாங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார்.

6

திங்கட்கிழமை சாயங்காலம் பள்ளியைப் பூட்டிவிட்டு, கொழுந்து நிறுக்கும் இடத்தின் வழியாக வந்தேன். பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். தராசுக்குப் பக்கத்தில் வேலுச்சாமி, கூடைகளைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார். காமாட்சி என்ற பெண் என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். வாயாடி. கால் வலியால் ஹட்டனுக்கு வர முடியாதவர்.

"ஏன் மாஸ்டர், இந்தப் படத்துல சிரிப்புக்காரரே இல்லையாமே? காலையிலேருந்து ராமாயி முழுக்கதையும் சொல்லிட்டா. ஒரு எடத்துலகூட சிரிப்பு வரல. எல்லாரும் காசு குடுத்து அழுவறதுக்கா போனீங்க?"

நான் ராமாயியைப் பார்த்தேன். ஊருக்குப் போக மனமில்லாத பெண் அவர். புருஷனின் வாயை அடைக்க அந்த ஒரு காட்சி போதும். மலை முழுவதும் சொல்லிச் சிரிக்க வைத்திருந்தால், லயத்தில் ஒருவரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அந்த மனிதரைக் கதையிலிருந்தே எடுத்துவிட்டிருந்தார். தொப்பியும் இல்லை, பெட்டியும் இல்லை, பின்னால் ஓடின பிள்ளைகளும் இல்லை. படம் பார்த்திருந்த மற்ற இரண்டு மூன்று பெண்களும் தலையைக் குனிந்து கூடையைச் சரிசெய்தார்கள்.

"அவருக்கு இதுல வேல குடுக்கலடி" என்றார் ராமாயி. தராசுப் பக்கம் திரும்பவில்லை.

வேலுச்சாமியின் கை கொக்கியில் நின்றது. மனைவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆமா காமாச்சி" என்றார். "அவரு இதுல இல்ல."

பிறகு, "அடுத்த கூட" என்று கூப்பிட்டார்.

இது நடந்து சில நாட்களில், ஆபீசுக்குத் துணைக்கு வரும்படி வேலுச்சாமி என்னைக் கேட்டார். படித்தவன் ஒருவன் கூட இருந்தால் கிளாக்கர் அதட்ட மாட்டார் என்பது இங்கே எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. என்ன முடிவு என்று நான் கேட்கவில்லை. போகும் வழியில் அவரே சொன்னார்.

"ராமாயிக்கிப் பயமே கெடையாது மாஸ்டர். தண்ணி தூக்குவா, பாதிக் கூலிக்கும் போவா. எனக்காக வர்றேன்னுட்டா. ஆனா பிள்ள தெருவுல போறப்ப பின்னாடி சத்தம் கேட்டா, அதயும் அவ மறைச்சு மறைச்சு எத்தன நாளைக்கி எனக்குக் கத சொல்லுவா?"

கிளாக்கர் வயதானவர், கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை. காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

"போறியா, இருக்கியா?"

"இருக்கேங்கய்யா."

"இருந்தா இங்கயும் ஒனக்குப் பிரஜைச் சீட்டு இல்ல, அங்கயும் இல்ல. நாளைக்கி வந்து என்னையக் கேக்கக்கூடாது. வெளங்குதா?"

"வெளங்குதுங்கய்யா."

"பொண்டாட்டி என்னா சொல்றா?"

"அவ எனக்கு மொதல்லயே சொன்னா, இங்கயே இருக்கேன்னு."

கிளாக்கர் பேனாவை மையில் தோய்த்தார். "சரி. சொந்த ஊரு எது?"

வேலுச்சாமி மேசை மேலிருந்த காகிதத்தைப் பார்த்தார். ஜில்லா, தாலுகா, கிராமம், கோவில் எல்லாம் அவருக்கு மனப்பாடம். என்னிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நானே சொல்ல வாயெடுத்தேன்.

"அது படத்துல பாத்ததுதாங்கய்யா" என்றார் வேலுச்சாமி.

"என்னாது?"

கிளாக்கர் என்னைப் பார்த்தார். நான் சித்திரையில் தனியாகக் கப்பல் ஏறப் போகிறவன். கிளாக்கர் அந்த இடத்தை நிரப்பாமலே பேனாவைத் துடைத்து வைத்துவிட்டு, இரண்டு பேரையும் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வரச் சொன்னார்.